பூந்தமல்லி வரலாறு – 9: கடலுக்காகப் போட்ட தண்டவாளம்

சென்ற இதழில் தாமர்ல சகோதரர்களைப் பார்த்தோம். ஒருவர் வந்தவாசியில், இன்னொருவரான ஐயப்ப நாயக்கர் நம் பூந்தமல்லியில். 1639-இல் ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிஸ் டே கடலோரத்தில் ஒரு மணல்திட்டு கேட்டு நடத்திய பேச்சுவார்த்தையில் பூந்தமல்லிக்கு இருந்த பங்கும் நினைவிருக்கும். அந்தத் திட்டில் கோட்டை எழுந்த பிறகு அங்கிருந்து ஆற்காட்டுப் பக்கம் போன படையும் பல்லக்கும் மாட்டு வண்டியும் நம் ஊரைத் தொட்டுத்தான் போயின. கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரச் சிப்பாய்களை அனுப்பிவைக்கும் டிப்போ இங்கே இருந்தது. இப்படி மேற்குச் சாலையின் முதல் முக்கிய ஊராக இருந்த பூந்தமல்லிக்கு, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ஓடியபோது ஒரு நிலையம்கூடக் கிடைக்கவில்லை. தண்டவாளம் நமக்கு வடக்கே பத்து கிலோமீட்டருக்குள், ஆவடி வழியாகப் போய்விட்டது. ‘ரயில் நம்மூரை ஒதுக்கிவிட்டது’ என்று இதைச் சொல்லும் வழக்கம் உண்டு. அந்தப் பேச்சு சரியில்லை என்பதுதான் இந்த இதழின் வாதம். ஒதுக்குவதற்கு முதலில் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பாதையைத் தீர்மானித்தவர்களின் கண் முழுக்கக் கடல் மேல் இருந்தது. ஆகவே நம் ஊருக்கு ரயில் வராத கதையை ராயபுரம் கடற்கரையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

1850-களின் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் மசூலா படகில்தான் கரைக்கு வர வேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலைக்குத் தாங்காது, பிளந்துவிடும். அதனால் பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு உடையாமல் நெளிந்து கொடுக்கும். பஞ்சு மூட்டையும் சாராயப் பீப்பாயும் கவர்னரும் அவர் மனைவியும் ஒரே விதமாக நனைந்துதான் இறங்கினார்கள். இந்தப் படகுகளை ஓட்டிய மக்களின் குடியிருப்பு கறுப்பர் நகரத்துக்கு வடக்கே, ராயபுரத்தில் இருந்தது. 1853-இல் வேலையைத் தொடங்கிய மெட்ராஸ் ரயில்வே கம்பெனி தன் முனைய நிலையத்துக்கு அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தது. அங்கே காலி நிலம் கிடைத்தது, கடற்கரை பக்கத்தில் இருந்தது, நகரத்துக்குள் புகுந்து வீடுகளை இடிக்க வேண்டிய தேவையும் இல்லை. 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு ரயிலைத் தொடங்கிவைத்தார். அதே நாள் இன்னொரு வண்டி திருவள்ளூர் வரை போய்த் திரும்பியது. ஜூலை 1 முதல் ராயபுரத்துக்கும் வாலாஜா ரோடுக்கும் இடையே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்குப் பொதுமக்களுக்கான சேவை ஓடியது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பம்பாயின் போரிபந்தரும் கல்கத்தாவின் ஹௌராவும் வயதில் மூத்தவை என்றாலும் அவற்றின் முதல் கட்டடங்கள் இப்போது இல்லை. நாட்டில் எஞ்சியிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் ராயபுரம்தான் பழையது என்று சொல்வதன் பொருள் இதுதான்.

இனி அந்த ரயில் போன வழியை வரைபடத்தில் விரலால் தொடர்ந்து பாருங்கள். ராயபுரம், பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம், வாலாஜா ரோடு. பிறகு சாலை போன வழியைத் தொடருங்கள். கோட்டை, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், ஆற்காடு, வேலூர். சாலையில் உள்ள ஊர்களில் ஒன்றுகூட ரயில் வழியில் இல்லை. பல்லவர் தலைநகரான காஞ்சிபுரம் இல்லை. நவாபின் பெயரோடு சேர்ந்த ஆற்காட்டுக்குள் வண்டி நுழையவில்லை. கோட்டையும் படையும் இருந்த வேலூருக்குப் பாலாற்றின் மறுகரையில் உள்ள காட்பாடிதான் நிலையம். காஞ்சிக்கு 1865-இல் ஒரு கிளைப் பாதை வந்தது என்பது உண்மை. அதைப் போட்டது வேறொரு கம்பெனி. பாதையும் மூன்றரை அடி அகலத்தில், அரக்கோணத்திலிருந்து வந்த சிறிய பாதை. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊருக்கே இவ்வளவுதான் என்றால் பூந்தமல்லிக்கு மட்டும் தனி வஞ்சம் நடந்தது என்று வாதிட முடியுமா? பழைய சாலை ஊர்கள் எல்லாமே ஒரே வரிசையாக விடுபட்டிருக்கின்றன. காரணத்தைத் தனித்தனி ஊர்களில் தேடினால் கிடைக்காது. பாதையின் இரண்டு முனைகளில் தேட வேண்டும்.

கிழக்கு முனை ராயபுரம். மேற்கு முனை? அதுவும் கடல்தான். கள்ளிக்கோட்டைக்கு அருகில் உள்ள பேப்பூர். 1862-இல் பாதை அங்கே போய்ச் சேர்ந்தது. வங்கக் கடலில் ஏறிய சரக்கு அரபிக் கடலில் இறங்கலாம். 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு எழுதிய புகழ்பெற்ற குறிப்பில் இந்தியாவுக்கான பெரும்பாதைகளைக் கணக்கிட்டபோது, சென்னையை மலபார் கரையோடும் பம்பாயோடும் இணைப்பது பற்றியே பேசினார். வழியில் உள்ள ஊர்களின் வசதி அவருக்கு இரண்டாம்பட்சம். கம்பெனிக்கும் அப்படியே. போட்ட முதலுக்கு அரசாங்கம் வட்டி உத்தரவாதம் தந்திருந்தது. லாபம் குறைந்தால் ஈடுகட்டக் கஜானா இருக்கிறது. உள்ளூர்ப் பயணிகளைத் தேடிப் பாதையை வளைக்க வேண்டிய நெருக்கடி அதற்கு இல்லை. இதோடு அரக்கோணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலபாருக்குப் போகும் பாதையும் கடப்பை, ராய்ச்சூர் வழியாகப் பம்பாய்க்குப் போகும் பாதையும் அங்கேதான் பிரிகின்றன. 1871-இல் ராய்ச்சூரில் சென்னையும் பம்பாயும் தண்டவாளத்தால் இணைந்தன. சாலையை ஒட்டிப் பூந்தமல்லி, காஞ்சி வழியாகப் போயிருந்தால் வடமேற்குப் பாதைக்குச் சென்னையிலிருந்தே தனித் தண்டவாளம் போட வேண்டியிருந்திருக்கும். திருவள்ளூர் வழியாகப் போனதால் அரக்கோணம் வரை ஒரே பாதை இரண்டுக்கும் போதுமானதாயிற்று. பொறியாளர்கள் இதை எப்படி எடைபோட்டார்கள் என்பது பற்றிய என் கணிப்பு இது. ஆனால் விளைவு கண்முன் இருக்கிறது. ராயபுரம் கறுப்பர் நகரத்தின் வடக்கு எல்லையில் இருப்பதால், அங்கிருந்து மேற்கே திரும்பும் பாதைக்கு வியாசர்பாடியும் பெரம்பூரும்தான் நேர்வழி. பூந்தமல்லிச் சாலையைப் பிடிக்க வேண்டுமானால் நகரத்தைச் சுற்றித் தெற்கே வந்தாக வேண்டும். முனையம் எங்கே என்று முடிவானபோதே நம் ஊரின் விதியும் பாதி எழுதப்பட்டுவிட்டது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, ஏரி. நமக்கு மேற்கே கடல் போலக் கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரியும் ஸ்ரீபெரும்புதூர் வரை தொடரும் ஏரிகளும் பாதையைத் தடுத்திருக்கும் என்பார்கள். தடுத்திருக்காது. ரயில் போன வடக்கு வழியிலும் ஏரிகளுக்குக் குறைவில்லை. கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி என்று இரண்டு பக்கமும் தண்ணீர். செம்பரம்பாக்கத்தின் வடகரையை ஒட்டிச் சாலை பன்னெடுங்காலமாகப் போய்க்கொண்டிருந்தது. வண்டி போகும் தரையில் ரயிலும் போகும். இரண்டாவது மறுப்புக்கு வலு அதிகம். ராணுவத்துக்கு ரயில் தேவை. பூந்தமல்லியில் ராணுவம் இருந்தது. அப்படியானால் ரயில் வந்திருக்க வேண்டாமா? பெங்களூருக்கு 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து கிளைப் பாதை வந்தபோது அது கன்டோன்மென்டில்தான் போய் நின்றது. ஆனால் பெங்களூர் தூரத்துப் பாளையம். அங்கே ஆளையும் தளவாடத்தையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது வாரக்கணக்கான வேலை. பூந்தமல்லியோ சென்னைக் கோட்டையிலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர், நடந்தே வந்துவிடலாம். கடலுக்குப் பக்கத்தில் இருந்ததாலேயே இங்கே டிப்போ அமைந்தது. கடலுக்குப் பக்கத்தில் இருந்ததாலேயே இங்கே ரயில் தேவைப்படவில்லை. டிப்போவின் பின்னாளைய கதியை இந்த மறுப்புக்கான பதிலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறேன்.

ராயபுரத்தின் ஆட்சியும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. கடலை நம்பி எழுந்த நிலையத்தைக் கடலே இடம் மாற்றிவிட்டது. 1861-இல் கடலுக்குள் இரும்புப் பாலம் நீண்டது. 1870-களில் துறைமுக வேலை தொடங்கியது. 1881 நவம்பர்ப் புயல் அதைச் சிதைத்துப் போட்டாலும் மறுபடி கட்டினார்கள். கப்பல் கரையைத் தொடும் இடம் நிலைத்துவிட்ட பிறகு படகுக்காரர் குடியிருப்பின் அருகில் முனையம் இருக்க வேண்டிய அவசியம் குறைந்தது. அதற்கு முன்பே, 1873-இல், நகரத்துக்கு இன்னும் நெருக்கமாக சென்ட்ரல் எழுந்திருந்தது. 1907-இல் அதுவே கம்பெனியின் தலைமை நிலையமாகிவிட்டது. ராயபுரம் முனையம் என்ற பட்டத்தை இழந்து, மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயின் அலுவலகமாக 1922 வரை இருந்தது. அந்த ஆண்டு சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இன்றைய தெற்கு ரயில்வே தலைமையகக் கட்டடம் திறக்கப்பட்டதும் அதுவும் போயிற்று. இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். சென்ட்ரல் நிற்பது பூந்தமல்லி நெடுஞ்சாலையின் வாயிலில். 1908-இல் திறந்த எழும்பூர் நிலையமும் அதே சாலையை ஒட்டித்தான். ரயில்வேயின் தலைமையகம், இரண்டு பெரிய நிலையங்கள், எல்லாம் நம் ஊர்ப் பெயர் கொண்ட சாலையின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தன. அந்தச் சாலை இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலை. அதன் முதல் மைலுக்கு இத்தனை ரயில் வந்தும் கடைசி மைலுக்கு மெட்ரோ வரும்வரை ஒரு தண்டவாளமும் வரவில்லை. 53-ஆம் எண் பேருந்தில் பிராட்வேயிலிருந்து ஏறினால் சென்ட்ரலைத் தாண்டிய பிறகு பூந்தமல்லி வரை சாலை, சாலை, சாலைதான்.

வடக்கே போன தண்டவாளம் என்னென்ன செய்தது என்பதை ஆவடியும் அம்பத்தூரும் காட்டுகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது ஆவடியில் பெரிய ராணுவத் தளம் எழுந்தது. பட்டாபிராமுக்கு ராணுவத்துக்கென்றே ஒரு கிளைத் தண்டவாளம். இன்றும் மின்சார ரயிலின் முகப்பில் ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’ என்று பெயர் ஓடுகிறது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கி, 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அத்தனை எடையுள்ள டாங்கியைத் தொலைவுக்கு அனுப்ப ரயில்தான் வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூந்தமல்லி வைத்திருந்த ராணுவ ஊர் என்ற இடம் இருபதாம் நூற்றாண்டில் ஆவடிக்குப் போய்விட்டது. நடந்து போகும் படைக்குச் சாலை போதும். டாங்கிக்குத் தண்டவாளம் வேண்டும். சற்று முன் நிறுத்திவைத்த பதில் இதுதான். பெரம்பூரில் 1955-இல் ஐ.சி.எஃப்., அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ், 1964-இல் தொழிற்பேட்டை என்று ஆலைகள் அந்தப் பாதையை ஒட்டியே வரிசையாக வந்தன. 1979-இல் திருவள்ளூர் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் ஆலைத் தொழிலாளியும் அலுவலக ஊழியரும் குடியேறும் ஊர்களாக அவை பெருத்தன. எல்லாம் ரயிலால் மட்டும் என்று சொல்வது மிகை. திருவள்ளூர்ச் சாலையும் உடன் ஓடியது, அரசின் நிலக் கொள்கையும் இருந்தது. ஆனால் பூந்தமல்லிக்கும் நல்ல சாலை இருந்தது. அந்தக் காலத்தில் அதற்கு அப்படிப்பட்ட ஆலை வரிசை வரவில்லை. இரண்டு பக்கமும் பொதுவாக இருந்ததைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சும் வித்தியாசம் தண்டவாளம்தான்.

சாலையால் நமக்கு வந்தது கொஞ்சமா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் முழுக்க ஆலைகளாயிற்று. நசரத்பேட்டை முதல் குமணன்சாவடி வரை நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. ரயில் இல்லாமலே இவ்வளவு நடந்ததே என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஆலைகளின் சரக்கு எங்கே போகிறது என்று பின்தொடருங்கள். ஏற்றுமதிக் கார் டிரெய்லரில் ஏறித் துறைமுகத்துக்குப் போகிறது. வட இந்தியாவுக்குப் போக வேண்டிய காரை ரயிலில் ஏற்றக் காஞ்சிபுரம் பக்கம் வாலாஜாபாத் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை பறக்கும் சாலை ஒன்று வேண்டும் என்று 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-இல் வேலை நின்றது. கூவத்துக்குள் தூண்கள் ஆண்டுக்கணக்கில் தனியே நின்றன. இப்போது மறுபடி உயிர் பெற்றிருக்கிறது. கடலும் மேற்குச் சாலையும் நேராகக் கைகோக்க வேண்டிய தேவை 1856-இல் ரயில்காரர்களுக்குத் தெரியவில்லை. இன்று பல ஆயிரம் கோடிச் செலவில் தூண் மேல் தூண் வைத்து அந்த இடைவெளியை நிரப்பப் பார்க்கிறோம். சாலை நமக்குத் தந்ததை மறுக்க வேண்டியதில்லை. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பூந்தமல்லி புறவழிச்சாலையைக் கடக்கும் மாணவர்கள் அதற்கான விலையைத் தினமும் கொடுக்கிறார்கள்.

இப்போது மெட்ரோ வந்திருக்கிறது. இரண்டாம் கட்டத்தின் நான்காம் வழித்தடம் கலங்கரை விளக்கத்திலிருந்து கோடம்பாக்கம், வடபழனி, போரூர் வழியாகப் பூந்தமல்லி புறவழிச்சாலை வரை 26.1 கிலோமீட்டர். 2025 மார்ச்சில் பூந்தமல்லிப் பக்கத்தில் ஓட்டுநர் இல்லாத ரயிலின் சோதனை ஓட்டம் நடந்தது. இதுவும் கடலிலிருந்து புறப்படும் பாதைதான் என்பதால் ‘நூற்றெழுபது ஆண்டுக் கடன் தீர்ந்தது’ என்று மேடைகளில் பேசத் தோன்றும். இரண்டு கடலும் ஒன்றல்ல. ராயபுரத்துக் கடல் சரக்கு வந்த கடல். பாதை அங்கே தொடங்கியதற்குக் காரணம் கப்பல். கலங்கரை விளக்கத்துக் கடலில் நகரம் முடிகிறது; வழித்தடம் அங்கே தொடங்குவதற்குக் காரணம் அதற்கப்பால் நிலம் இல்லை என்பது. மெட்ரோ மூட்டையை ஏற்றாது, ஆளைத்தான் ஏற்றும். ஆனால் ஒரு விஷயத்தில் கணக்கு உண்மையாகவே திரும்பியிருக்கிறது. முதல் ரயிலில் முனையம், அலுவலகம், அதிகாரம் எல்லாம் கடலோரத்தில் இருந்தன. மேற்கு வெறும் போகும் வழி. இந்த வழித்தடத்தின் பணிமனை பூந்தமல்லியில். இரவில் வண்டிகள் வந்து நிற்பது இங்கேதான், காலையில் கழுவித் துடைத்துக் கடலை நோக்கிப் புறப்படுவதும் இங்கிருந்துதான். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை இதை நீட்டும் திட்டமும் இருக்கிறது. அது நிறைவேறினால் பழைய சாலை ஊர்களை முதன்முறையாகத் தண்டவாளம் சாலை வரிசைப்படியே தொடத் தொடங்கும்.

ராயபுரத்துக்கும் நமக்கும் இடையிலான கணக்கில் இன்னும் பாக்கி இருக்கிறது. 2005-இல் பழைய கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். சிவப்புச் சுவரும் வெள்ளைத் தூண்களும் மறுபடி எழுந்தன. முகப்பைப் பார்த்தால் அரண்மனை. உள்ளே புறநகர் ரயில்கள் ஓரிரு நிமிடம் நின்று போகின்றன. பீச்சிலிருந்து ராயபுரம் வழியாக ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் போகும் வண்டிகள் 1856-இன் பழைய வழியில்தான் இன்றும் போகின்றன. பக்கத்தில் மின்சார எஞ்சின் பணிமனை இருக்கிறது. நிலமும் இருக்கிறது. சென்ட்ரலிலும் எழும்பூரிலும் நெருக்கடி என்று தாம்பரத்தை முனையமாக்கியவர்கள், ராயபுரத்தை முனையமாக்கக் கோரும் வடசென்னை மக்களுக்கு மட்டும் இன்னும் செவிசாய்க்கவில்லை. அந்தக் கோரிக்கையை நாமும் சேர்ந்து எழுப்ப வேண்டும். ராயபுரத்திலிருந்து புறப்படும் மேற்குப் பக்க ரயில் ஆவடியில் நிற்கும். ஆவடி பூந்தமல்லிக்கு மிக அருகில் உள்ள நிலையங்களில் ஒன்று. கூடவே ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் போகும் ரயில் பாதை அறிவிப்பாகவே பல ஆண்டுகளாகக் கிடக்கிறது. வடக்குப் பாதையையும் தெற்குப் பாதையையும் நம் வட்டாரத்தின் வழியாக இணைக்கும் திட்டம் அது ஒன்றுதான். மெட்ரோ திறப்பு விழாக்களில் பேச வரும் மக்கள் பிரதிநிதிகளிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். அடுத்த இதழில் செம்பரம்பாக்கம் ஏரி.